முகம் பாராத விலை

சாய்ந்தமருது
16.02.2025

அன்புத் தம்பி பர்ஸானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் ஆகிலாவும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். உன் சுகத்தைத்தான் அறிய வேண்டும். வெல்டிங் நெருப்புப் பட்ட கால் ஆறிவிட்டதா? கராஜ் பொடியன் நிரோசனிடம் உடுக்க இரண்டு சாரமும் பனடோலும் கொடுத்தனுப்பினேன். கையில் கிடைத்ததா?

உன்னைப் பிடித்து இன்றோடு எட்டு நாள். உன் மச்சான் மவுத்தாகி முப்பத்தைந்து நாள். புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருக்கிறேன், மே இருபது வரை வாசல் தாண்ட முடியாது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாவது உன்னைப் பார்த்திருப்பேன். அதற்கும் வழியில்லை, அதனால்தான் கடிதம்.

பொலிஸ் வீட்டுக்கு வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னேன். அந்த மீன் லொறியின் ஐஸ் பெட்டிக்குள் நீ இரண்டாவது சுவர் ஒன்று வைத்தாயாம். அந்த இடைவெளிக்குள்ளிருந்துதான் போதைத் தூள் எடுத்தார்களாம். "வெல்டிங் செஞ்சவனுக்கு உள்ளுக்கு என்ன போகும் எண்டு தெரியுமா?" என்று கேட்டார்கள். நான் அறிந்ததைச் சொன்னேன். கராஜில் வேலை உன்னுடையது, விலை என்னுடையது. அளவு எழுதிய துண்டு என்னிடம் வரும். தகரம், இடையில் அடைக்கும் ரிஜிபோம், கூலி எல்லாம் கூட்டி நான் விலை போடுவேன். லொறிக்காரன் பணக்காரனா பரதேசியா என்று நான் பார்ப்பதில்லை. பதினொரு வருஷமாக இதுதான் நடைமுறை என்றேன்.

அப்போது பொலிஸ்காரர் ஒருவர் கேட்டார்: "அப்ப மூணு லட்சத்து வேலைக்கு ஒம்பது லட்சம் போட்டது நீங்களா?"

அந்த வேலை டிசம்பரில் நடந்தது. நான் அப்போது ஆஸ்பத்திரியில் மச்சானின் கட்டிலடியில் கிடந்தேன். அந்த லொறிக்கு மட்டும் விலை போட்டது நீ. ஏன் ஒன்பது?

துஆவுடன்,
உன் ராத்தா சுபைறா


27.02.2025

மரியாதைக்குரிய ராத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். சாரம் கிடைத்தது. பனடோலை உள்ளே விடவில்லை. கால் பரவாயில்லை. உங்களுக்குப் பிரஷர் எப்படி? இத்தாவில் இருக்கும்போது குளிசையை விட்டுவிடாதீர்கள்.

இங்கே வரும் கடிதமும் போகும் கடிதமும் திறந்து படிக்கப்படும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கராஜைப் பூட்ட வேண்டாம். நிரோசன் கெட்டிக்காரன், சமாளிப்பான். ஒரு விசயம். சாமான் விலை எல்லாம் ஏறிவிட்டது. நாம் கடைசியாகப் பெரிய மீன் பெட்டிக்குப் பில் எழுதியது மூன்று வருஷத்துக்கு முன்பு. அந்த விலையை மறந்துவிடுங்கள். இனிமேல் யார் வந்தாலும் பெரிய பெட்டி ஒன்பது லட்சம் என்று சொல்லிப் பில்லும் எழுதுங்கள். குறைக்க வேண்டாம்.

ஆகிலாவின் வீட்டு வேலை எந்த மட்டில் இருக்கிறது? மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்களா?

உங்கள் தம்பி,
பர்ஸான்


சாய்ந்தமருது
09.03.2025, நோன்பு எட்டு

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். நாங்கள் நலம். பிரஷர் குளிசை போடுகிறேன், ஸஹருக்கு எழும்பியதும் முதல் வேலை அதுதான். உனக்கு அங்கே நோன்பு பிடிக்க வசதி இருக்கிறதா? கஞ்சி கொதிக்கும்போதெல்லாம் உன் நினைவுதான். நீ உப்புப் போதாது என்று சத்தம் போடாத நோன்பு இதுதான் முதல் தடவை, வீடு ஊமையாகிவிட்டது.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. நிரோசனைக் கல்முனைக்கு அனுப்பி இன்றைய விலை கேட்டேன். தகரம் ஏறித்தான் இருக்கிறது, ரிஜிபோமும் ஏறியிருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டி, கூலியையும் கூட்டியே வைத்துப் பார்த்தேன். மூன்று லட்சத்துப் பத்தாயிரம் வருகிறது. மூன்று தடவை கூட்டியும் அதுதான். மிச்சத்தை எந்தத் தகரத்தின் தலையில் கட்டுவது என்று நீயே சொல்லு.

லோயர் வந்திருந்தார். பிணை விசாரணைக்கு மே இருபத்திரண்டு தவணை கொடுத்திருக்கிறார்கள். விலை போடும் ஆள் நான் என்பதால் என்னை சாட்சிக் கூட்டில் ஏற்றுவார்களாம். என் இத்தா முடியும் வரை தவணையைத் தள்ளி வாங்கியவர் அவர்தான், நல்ல மனுசன். "ஒம்பதுதான் உங்கட வழமையான விலை எண்டா, அவருக்கு ஒண்டும் தெரியாது எண்டு நான் வாதாடலாம். மூணுதான் எண்டா, மிச்ச ஆறும் எதுக்கு எண்டு கேப்பாங்க" என்றார். பிறகு, இந்த வருஷத்தில் அந்த விலைக்கு வேறு பில் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அவர் போன பிறகுதான் உன் கடிதத்தை நாலாவது தரம் எடுத்துப் படித்தேன். அப்போது விளங்கியது.

ஆகிலாவின் வீட்டுக்குக் கதவு போட்டாயிற்று. கூரைக்குப் போட்ட கொங்கிறீற் தட்டு ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. நிக்காஹ் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து என்று பேச்சு.

ராத்தா


19.03.2025

ராத்தாவுக்கு,

ஸலாம். நான் சுகம்தான். உங்கள் இருவரின் சுகத்துக்கும் துஆ செய்கிறேன். காலில் சீழ் வைத்திருக்கிறது, மருந்து கட்டுகிறார்கள். படுக்க இடம் குறைவு. பக்கத்தில் படுப்பவர் திரும்பினால் நானும் திரும்ப வேண்டும். இதை ஆகிலாவிடம் சொல்ல வேண்டாம்.

விளங்கியது என்று எழுதியிருந்தீர்கள். விளங்கினால் போதும். நான் சொன்ன விலையைப் போடுங்கள்.

பர்ஸான்


சாய்ந்தமருது
03.04.2025

அன்புத் தம்பிக்கு,

பெருநாள் வாழ்த்துச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் தக்பீர் சத்தம் கேட்டபோது உன் பெயர் சொல்லித்தான் அழுதேன். கால் எப்படி? டொக்டரிடம் காட்டச் சொல்லிக் கேள், வெட்கப்படாதே. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

பெருநாளுக்கு மூன்று நாள் முந்தி வினாயகபுரம் அழகரெத்தினம் அண்ணன் வந்தார். உனக்குத் தெரியும், முதலில் சைக்கிளில் மீன் விற்றவர், பிறகு நம்மிடம் த்ரீவீலருக்குப் பெட்டி செய்தவர். இப்போது பழைய லொறி ஒன்று வாங்கியிருக்கிறார். சித்திரையில் கடல் படிந்து மீன்பாடு தொடங்கிவிடும், அதற்குள் ஐஸ் பெட்டி வேண்டுமாம். அளவுத் துண்டை ஆகிலா கொண்டுவந்து தந்தாள். கிட்டத்தட்ட அதே அளவு.

திரைக்குப் பின்னால் கூட்டினேன். மூன்று லட்சத்துப் பத்து. பேனை அந்த இடத்தில் நின்றது. உன் காலை நினைத்தேன். பிறகு வாய் திறந்து, "ஒம்பது லட்சம் அண்ணன்" என்றேன்.

சண்டை பிடிப்பார், அல்லது எழும்பிப் போவார் என்று காத்திருந்தேன். போய்விட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவர் சொன்னது இதுதான்: "அவ்வளவு ஏறிட்டா தங்கச்சி? சரி. உங்கட கராஜில நான் ஒரு நாளும் விலை பேசினதில்ல. நீங்க கூட்டினா சரியாத்தான் இரிக்கும்."

அந்தக் கடைசி வார்த்தை என் காதுக்குள் நிற்கிறது, தம்பி. நிரோசன் வேலையைத் தொடங்கிவிட்டான். விலை அவன் காதிலும் விழுந்தது. அன்றைக்குத் தேத்தண்ணி குடிக்காமல் போனான்.

ராத்தா


12.04.2025

மரியாதைக்குரிய ராத்தாவுக்கு,

ஸலாம். நீங்களும் மகளும் சுகமாக இருக்க வேண்டும். காலுக்கு ஊசி போட்டார்கள், வீக்கம் குறைந்திருக்கிறது. பெருநாளன்று வெளியிலிருந்து சாப்பாடு வந்தது. இறைச்சி உங்கள் கைப்பக்குவத்துக்குக் கிட்டவும் வராது.

அழகரெத்தினம் அண்ணனின் பில் நல்ல விசயம். ஒன்று போதாது. இன்னும் இரண்டு பில் இருந்தால் லோயருக்கு வசதி. பாலமுனைப் பக்கம் ஒருவர் பெட்டி செய்ய இருந்தார், நிரோசனுக்கு ஆள் தெரியும். தேடிப் போய்ப் பேசச் சொல்லுங்கள்.

பெரிய வேலைக்குப் பெரிய விலைதான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பர்ஸான்


சாய்ந்தமருது
28.04.2025

தம்பிக்கு,

ஸலாம். வீக்கம் குறைந்தது கேட்டு அல்ஹம்துலில்லாஹ். எனக்கு இரண்டு நாளாகத் தலைசுற்று, அது போகும்.

பாலமுனைக்கு யாரையும் அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன்.

அழகரெத்தினம் அண்ணனின் லொறி முடிந்துவிட்டது. முந்தாநாள் பணத்தோடு வந்தார், மனைவி அன்னப்பிள்ளையையும் கூட்டி வந்தார். அவரை வெளியில் இருத்தி, அன்னப்பிள்ளை அக்காவை உள்ளே கூப்பிட்டுப் பாயில் இருக்க வைத்தேன். பதினொரு வருஷத்தில் நம் விலையைக் கொடுக்கிற ஒருவரின் முகத்தை நான் நேரில் கண்டது அன்றைக்குத்தான். அவவின் இரண்டு காதிலும் வேப்பங்குச்சி செருகியிருந்தது. தோடு எங்கே என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கழுத்தும் சும்மாதான் கிடந்தது. அவ ஆகிலாவின் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தா. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

சாவி கொடுக்கும்போது நாம் எப்போதும் "பொருத்தமா?" என்று கேட்போமே. வாங்கியவர் "பொருத்தம்" என்று மனதாரச் சொன்னால்தான் அந்தக் காசு நமக்கு ஹலால். வாப்பா காலத்திலிருந்து எந்த வேலைக்கும் அதைக் கேட்காமல் விட்டதில்லை. அன்றைக்கு நான் கேட்கவில்லை. பில்லை மட்டும் கொடுத்தேன்.

படலை வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "தங்கச்சி, இந்தமுற நீங்க கேக்க மறந்திட்டீங்க. எங்களுக்குப் பொருத்தம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி, நான் அழுதுவிட்டேன்.

இன்னொன்று. மேசன் வந்திருந்தார். தட்டுப் போட்ட காசைத் தவணையாகத் தர வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். "அது டிசம்பரிலேயே பர்ஸான் ஒரே தரமாத் தந்திட்டாரே, அஞ்சு லட்சத்துத் தொண்ணூறு" என்றார். ஒன்பதில் மூன்று லட்சத்துப் பத்தாயிரம் கழித்தால் எவ்வளவு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பதில் எழுது.

ராத்தா


சாய்ந்தமருது
10.05.2025

தம்பிக்கு,

ஸலாம். பன்னிரண்டு நாளாக உன் கடிதம் இல்லை. சுகமில்லையா, கோபமா? சுகமில்லை என்றால் யாரிடமாவது ஒரு வரி எழுதச் சொல். கோபம் என்றால் நீயே எழுது.

கூட்டில் ஏறினால் அல்லாஹ்வை முன்வைத்துச் சத்தியம் செய்து பேச வேண்டும். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. உள்ளே என்ன போகப்போகிறது என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?

ராத்தா


15.05.2025

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். விடுதலையாகிப் போகும் ஒருவரின் கையில் இதைக் கொடுக்கிறேன். யாரும் திறக்காமல் உங்களிடம் வரும். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

தெரியும். தூள் என்று அந்த வேலையைக் கொண்டுவந்தவன் வாய் விட்டுச் சொல்லவில்லை. ஒன்பது அங்குல இடைவெளி விட்டு இன்னொரு சுவர் வை, கதவு வெளியே தெரியக் கூடாது என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவான், பிறகு செய்ய முடியாமல் போய்விடும். எவ்வளவு தருவாய் என்று மட்டும் கேட்டேன். அவன் ஒன்பது என்றான். உங்களிடம் துண்டு வந்திருந்தால் நீங்கள் முதலில் கேட்டிருப்பது அந்த ஒன்பது அங்குலத்தைத்தான். அதனால்தான் காட்டவில்லை.

மச்சான் அந்தக் கட்டிலில் கிடந்து என் கையைப் பிடித்து, "வீட்டுக்குக் கூர இல்லாம புள்ளைய எப்பிடிடா குடுக்கிற?" என்று கேட்டார். நம்மூரில் பெண்பிள்ளைக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை கேட்க முடியுமா? அவர் கண் மூடுவதற்குள் தட்டுப் போட்டுக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். போட்டேன். அதன் கீழேதானே அவரைக் கிடத்திக் குளிப்பாட்டினோம்.

நான் கெட்டவன் இல்லை, ராத்தா. ஒரு வார்த்தை, ஒன்பது என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் மூன்று என்றால் நான் இங்கேயே கிழவனாகிப் போவேன். ஆகிலாவின் கல்யாணமும் நிற்கும். என்னை வளர்த்தது நீங்கள்தான், என்னைக் கைவிடாதீர்கள்.

பர்ஸான்


சாய்ந்தமருது
23.05.2025

அன்புத் தம்பி பர்ஸானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதைத் திறந்து படிக்கும் உத்தியோகத்தர் ஐயாவுக்கும் என் வணக்கம். நீங்களும் படியுங்கள், இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

நேற்றுக் கோர்ட்டில் என்னைக் கூட்டி வரும்போது நீ பார்த்தாய். நாலு மாதத்துக்குப் பிறகு நான் கண்ட முதல் வெளி உலகம் அந்தக் கட்டிடம்தான். நான் சொன்னதையும் கேட்டாய். பெரிய பெட்டியின் விலை மூன்று லட்சத்துப் பத்தாயிரம். மார்ச் மாதம் ஒருவருக்கு ஒன்பது லட்சத்துக்குப் பில் எழுதியது பொய்ப் பில், அதை எழுதிய கை என்னுடையது என்றும் சொன்னேன். அதற்கு என்மேலும் வழக்கு வரலாம் என்று லோயர் சொல்கிறார். வரட்டும்.

டிசம்பர் வேலைக்குத் தம்பி ஏன் கூட வாங்கினார் என்று கேட்டார்கள். அதை அவரிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். அது நீ சொல்ல வேண்டியது. உனக்காக நான் பொய்யும் சொல்லவில்லை, உன் வாயில் இருக்க வேண்டிய உண்மையையும் சொல்லவில்லை. நீ தலையைக் குனிந்தாய். அதைப் பார்த்து நான் செத்துப் பிழைத்தேன்.

கோர்ட்டிலிருந்து நேரே பஸ் ஏறி வினாயகபுரம் போனேன். அழகரெத்தினம் அண்ணனின் ஐந்து லட்சத்துத் தொண்ணூறாயிரம் அரிசி வாளிக்குள் அப்படியே கிடந்தது, ஒரு தாளைக்கூட நான் தொடவில்லை. காலையிலேயே பைக்குள் வைத்துக் கொண்டுபோனதைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. உள்ளே போய்விட்டார். அன்னப்பிள்ளை அக்காதான் என்னைப் பஸ் தரிப்பிடம் வரை கொண்டுவந்து விட்டா. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் தட்டின் கதையைச் சொல்லிவிட்டேன். யோசிக்க நாள் கேட்டிருக்கிறார்கள். ஆகிலா என்னோடு கோபம். நேற்றிலிருந்து சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

நீ என்னோடு பேசாமல் விட்டாலும் காலுக்கு மருந்து கட்டாமல் விடாதே. உன்னை நான் கைவிடவில்லை. எத்தனை வருஷம் ஆனாலும் ஒவ்வொரு பார்வை நாளுக்கும் வருவேன், இனி எனக்கு வாசல் திறந்திருக்கிறது.

உன் ராத்தா,
சுபைறா


19.06.2025

ராத்தாவுக்கு,

ஸலாம். கால் ஆறிவிட்டது. மூன்று பார்வை நாளும் நீங்கள் வந்து நின்றதாகச் சொன்னார்கள். நான்தான் வரமாட்டேன் என்றேன். கோபம் இன்னும் இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. பிணை கிடைக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

போன கிழமை என்னைக் கூப்பிட்டு வாக்குமூலம் கேட்டார்கள். தெரியும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சுவரை வைக்கச் சொன்னவனின் பெயரையும் சொன்னேன். இனி வழக்கு எப்படிப் போகும் என்று லோயருக்கே தெரியாதாம். ஆகிலாவிடம் மாமா ஸலாம் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவரின் பெயர் ஜெஸீம். நாளைக்கு விடுதலை. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. த்ரீவீலர் ஒன்று இருக்கிறது, கால் பிரேக்கைக் கைக்கு மாற்றிக் கொடுத்தால் ஓட்டிப் பிழைப்பார். எப்படி மாற்றுவது என்று மறுபக்கத்தில் நிரோசனுக்குப் படம் கீறியிருக்கிறேன். கம்பி நாலடி, இரும்புப் பட்டை இரண்டடி, ஒரு ஸ்பிரிங், ஒன்றரை நாள் வேலை.

எவ்வளவு முடியும் என்று என்னிடம் கேட்டார். பாவப்பட்ட மனுசன், நாலு மாதமாகப் பக்கத்தில் படுத்தவர், சும்மா செய்து தருவோம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. விலை ராத்தாதான் சொல்லுவா என்று சொல்லியிருக்கிறேன்.

பர்ஸான்